பிடியரிசிக்கு அடியில்

மனத்தாழ்மையின் விலை நூற்றுத் தொண்ணூறு ரூபாய். நான் துணிக்கடைக்காரி, குத்துமதிப்பாக விலை சொல்லும் பழக்கம் எனக்கில்லை. ஒரு ஜோடித் தோல் ஷூ அன்றைக்கு முந்நூற்று எண்பது. நான் எடுத்தது இடதுகால் ஷூவை மட்டும். இரண்டையும் எடுத்திருந்தால் அது திருட்டு.

மூப்பர் குவாங்கா அவர்களே, குனிந்து காலைப் பார்க்க வேண்டாம். நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கல்கத்தாவிலிருந்து மருமகன் அனுப்பிய அந்த ஷூவைப் பற்றி நீங்கள் பிரசங்கத்தில் இரண்டு முறையும் அறிவிப்பில் ஒரு முறையும் சொன்னீர்கள். அந்த வாரமே ஒரு துக்க வீடு. வாசலில் அறுபது எழுபது ஜோடிச் செருப்புகள் கிடந்தன, உங்களுடையது மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்ப் பள்ளத்தில் விட்டேன். எறியவில்லை, விட்டேன். அப்புறம் உள்ளே வந்து எல்லோரோடும் பாட்டுப் பாடினேன். நீங்கள் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சேறுமாக மழையில் இருநூறு படி ஏறி வீட்டுக்குப் போனீர்கள். அன்று முதல் உங்கள் ஜெபம் பாதியாகச் சுருங்கிவிட்டது. சபைக்கே அது பெரிய ஆறுதல். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாததால்தான் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. மேசைமேல் இருக்கும் இந்தக் கடிதங்களைத் தவிர வேறு ஏதாவது வந்ததா, கப்மாவியின் மகன் ஸாடிங்கா இப்போது எங்கே இருக்கிறான், இதுதானே. பழைய விடுதிக்கு நீங்கள் தந்தி அடித்ததும், அவன் அங்கிருந்து போய் மூன்று மாதம் ஆயிற்று என்று பதில் வந்ததும் எனக்குத் தெரியும். வெளியே கப்மாவி கத்துவதும் கேட்கிறது. செயலர் சோங்கா எழுதிக்கொள்ளட்டும், எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் துணியை விரித்துக் காட்டாமல் விலை சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. கொஞ்சம் பொறுங்கள். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

என் அப்பா ஐசால் பெரிய பஜாரில் கம்பளி விற்றவர். மொத்த வியாபாரி கட்டைப் பிரித்ததும் அப்பா ஒரு மூலையை எச்சிலால் நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பார். சாயம் ஒட்டினால் கட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். வியாபாரி முகம் சுருங்கும். "நனைச்சுப் பாக்காம எப்படிய்யா தெரியும்?" என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்பார். எனக்கு இறையியல் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்று சொல்லலாம்.

பதினேழு வருஷமாக நம் சபையில் பிடியரிசி வசூல் என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியை எடுத்துக் கர்த்தருக்கென்று டப்பாவில் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை நான் சாக்கோடும் நோட்டோடும் போகிறேன். போதகருக்கு எல்லா வீட்டிலும் முன்னறைதான் தெரியும். நான் அடுப்படிவரை போகிறவள். எந்த வீட்டில் சண்டை நடந்தது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கோபத்தில் அள்ளும் கை பெரிய பிடியாக அள்ளும், டப்பா தளும்பும். சமாதானமான வீட்டில் கஞ்சத்தனம் அளவோடு இருக்கும்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒரு கவலை வந்தது. ஞாயிற்றுக்கிழமை கண்ணீர் விடுகிற வாய் திங்கட்கிழமை அதே வசவைத்தான் வைகிறது. ஷில்லாங்கிலிருந்து ஆட்கள் வந்து ஆவிக்குரிய வளர்ச்சி என்று மூன்று நாள் வகுப்பு எடுத்தார்கள். உணர்ச்சியை ஆளுகிற முதிர்ச்சி வேண்டும் என்றார்கள். சுவரில் காகிதம் ஒட்டி, மரம் வரைந்து, வேருக்கு ஒரு பெயர், கிளைக்கு ஒரு பெயர், கனிக்கு ஒன்பது பெயர் எழுதிக் காட்டினார்கள். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். மரம் சுவரிலேயே நின்றது. ஒருவருக்கும் ஒரு பிஞ்சுகூட விடவில்லை. யாராவது ஒருவர் இறங்கி நனைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒருவர் நானாக இருப்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

செயலர், உங்கள் பேனா நின்றுவிட்டது. சரி, உங்களுடையதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களும் எழுதும் நம் ஞாயிறு பள்ளித் தேர்வில் நீங்கள் மூன்று வருஷம் தொடர்ந்து முதலிடம். ஐம்பத்தெட்டு வயதில் முதலிடம் வாங்குகிறவர் அதைப் பிள்ளைகள் வாங்குவதுபோல் வாங்கியிருக்கலாம். நீங்கள் சான்றிதழைச் சட்டம் போட்டு, சாப்பிடும் இடத்துக்கு நேராக மாட்டினீர்கள். நான்காம் வருஷம் நான் தேர்வு மேற்பார்வை. உங்கள் விடைத்தாளின் கடைசிப் பக்கம் என் பையில் ஏறிக்கொண்டது. இரண்டாமிடம் வந்தீர்கள். முதலிடம் உங்கள் மனைவி. பதினைந்து நாள் நீங்கள் அவளோடு பேசவில்லை என்று அவள் டப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பிறகு ஒருநாள் அடுப்படியில் நீங்களே அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பதைப் பார்த்தேன். அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த வியாபாரத்திலும் நான் கண்டதில்லை. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்தாம் கேள்விக்கு உங்கள் பதில் தவறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நிச்சயதார்த்தத்தையும் நிறுத்தினேன். பெயர் வேண்டாம். அந்தப் பெண் மாப்பிள்ளையைக் கடவுளுக்கு மேலே வைத்திருந்தாள், அதைச் சரிசெய்ய இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது, இரண்டு வீட்டு அடுப்படியில் ஆளுக்கு ஒன்று. இன்று ஞாயிறு பள்ளியில் அவளைப்போல் பாடம் நடத்த ஆள் இல்லை. வீட்டில் வேறு வேலை இல்லாததால் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வருகிறாள்.

இதெல்லாம் சில்லறை. கப்மாவிதான் என் பெரிய வேலை.

பழைய கப்மாவி எப்படி இருந்தாள் என்று உங்களுக்கே தெரியும். பஜாரில் என் கடைக்கு எதிரில் அவளுடைய பன்றிக்கறிக் கடை. ஊசிப் பட்டாசு மாதிரி ஒரு வாய்.

"இதென்ன, எல்லாம் வெறும் கொழுப்பா இருக்கே?" என்று யாராவது இழுத்தால் போதும்.

"வீட்ல உன் புருஷனப் பாத்துட்டு வந்து என் பன்னியக் குறை சொல்றியா? வச்சிட்டுப் போ."

என்னையும் விடமாட்டாள். "ரெம்தாங்கிக்கு மட்டும் அஞ்சு ரூபா கூட."

"ஏன்டி, எனக்கு மட்டும் பன்னிக்கு ரெக்கை முளைச்சிருக்கா?"

"உன் கடையில வாங்கின போர்வை மொத துவையல்லயே மூஞ்சி வெளுத்துப்போச்சு. அந்த நஷ்டத்த உங்கப்பன் வந்து குடுப்பானா?"

பஜாரே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் இந்த வாயோடு ஒரு பெண் பரலோகத்துக்குப் போனால் அங்கே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

அவளுக்கு ஒரே மகன். ஸாடிங்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடைத் தராசை விற்றுக் கிடார் வாங்கிவிட்டான். இவள் கறி வெட்டும் கட்டைக்கு முன்னால், சனிக்கிழமைக் கூட்டம் பார்க்க, துடைப்பத்தால் அவனை அடித்தாள். "போடா. இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காத" என்றாள். அவள் சொல்வதையெல்லாம் நம்பக்கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் மட்டும் நம்பிவிட்டான். அன்று சாயங்கால பஸ்ஸில் கிடாரோடு இறங்கிப் போனான். குவாஹாட்டி என்றார்கள்.

ஐந்தாம் வாரம் முதல் கடிதம் வந்தது. நம் குன்றுக்குத் தபால்காரர் ஏறமாட்டார், எல்லோருடைய கடிதமும் என் கடை விலாசத்துக்குத்தான் வரும் என்பது தெரிந்ததே. நான் அதை அன்றைக்கே கொடுத்திருப்பேன். ஆனால் அந்தப் புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் கப்மாவி முதல்முறையாக யாரையும் குறை சொல்லாமல் ஜெபித்தாள். "நான்தான் விரட்டினேன்" என்று ஒரே வரி. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மரத்தில் முதல் பிஞ்சு.

இப்போது கடிதத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அடுத்த பஸ்ஸில் போவாள், அங்கேயே நாலு அறை விடுவாள், இழுத்துக்கொண்டு வருவாள், சனிக்கிழமை மறுபடியும் அதே வாய். ஒரு வாரம் மட்டும் வைத்திருப்போம் என்று வைத்தேன். கடையில் நல்ல சரக்கை விலை ஏறும்வரை உள்ளே வைப்பதில்லையா.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையை அடைத்துவிட்டு வருவாள்.

"ரெம்தாங்கி, ஏதாச்சும் வந்துச்சா?"

"ஜெபம் பண்ணு கப்மாவி."

"பண்றேன். வந்துச்சா?"

"விடாம பண்ணு."

கவனியுங்கள், நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட 'வரவில்லை' என்று நான் சொன்னதில்லை. ஜெபிக்கத்தான் சொன்னேன். அதைத் தப்பு என்று எந்தச் சபையும் சொல்லாது.

அவள் எப்படி வளர்ந்தாள் என்று நீங்களே பார்த்தீர்கள். வசவு நின்றது. குரல் தாழ்ந்தது. கறிக்கு விலை கேட்டால், "குடுக்கிறதக் குடு" என்பாள். பேரம் பேச வந்தவர்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். உடம்பு மெலிந்தது, ஒரு சுற்றுக் கட்டும் இடுப்புத் துணி அவளுக்கு இரண்டு சுற்று வந்தது. தலை வெளுத்தது. அவள் ஜெபிக்க எழுந்தால் மற்றவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். வெளியூர்ப் போதகர் ஒருவர், முதிர்ந்த ஆத்துமாவைப் பார்க்க வேண்டுமானால் இந்தக் குன்றுக்கு வாருங்கள் என்று பிரசங்கத்திலேயே சொன்னார். மூப்பர் அவர்களே, நீங்களும் 'ஆமென்' சொன்னீர்கள். நான் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கைவேலையைப் புகழ்கிறார்கள் என்று தெரிந்தும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மனத்தாழ்மை எனக்கும் வேண்டியதுதானே.

பையனையும் நான் விட்டுவிடவில்லை. ஒரு பக்கம் மட்டும் நீர் ஊற்றினால் போதாது. முதல் கடிதம் முழுக்கத் திமிர். மன்னிப்புக் கேட்கமாட்டேன், என் குளிர்ச்சட்டையை அனுப்பு என்றிருந்தது. நான் பதில் எழுதினேன். அம்மாவுக்குக் கை வலி, அவள் சொல்லச் சொல்ல ரெம்தாங்கி அத்தை எழுதுகிறேன் என்று முதல் வரியிலேயே போட்டுவிட்டேன். ஆமாம், அது பொய்தான், நாலு வருஷத்துக்கும் சேர்த்து அது ஒன்று. பிறகு நிதானமாக, அழகாக எழுதினேன். 'அன்பு மகனே, உன் கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடு. உன்னை நீ ஆளக் கற்றுக்கொள்.' குளிர்ச்சட்டையை அனுப்பவில்லை. கப்மாவியிடம் கேட்காமல் அதை எடுக்க முடியாது.

அந்தப் பிள்ளை தேடினான். இரண்டாம் கடிதத்தில் திமிர் பாதி இல்லை. மூன்றாவதில், வரட்டுமா அம்மா என்று கேட்டான். இன்னும் நேரம் வரவில்லை, அவசரத்தில் எடுக்கும் முடிவு முதிர்ச்சியின் அடையாளம் அல்ல என்று எழுதினேன். நாலாவதில், தப்பு என்னுடையதுதான் அம்மா, தராசுக்குப் பணம் சேர்க்கிறேன் என்று எழுதியிருந்தான். நான் அழுதேன். நான் எழுதியதையெல்லாம் அவன் வரிவரியாகப் படிக்கிறான் என்று அதில் தெரிந்தது. ஐந்தாவதில் என் வாக்கியம் ஒன்றை அப்படியே திருப்பி எழுதியிருந்தான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தக் கடிதங்களை எங்கே வைப்பது என்பதுதான் எனக்குப் பிரச்சினை. கடையில் வேலைக்காரர்கள், வீட்டில் வந்துபோகும் சொந்தக்காரர்கள். கடைசியில் என் வீட்டுப் பிடியரிசி டப்பாவுக்குள், அரிசிக்கு அடியில் வைத்தேன். நம் ஊரில் திருடன்கூட அந்த டப்பாவைத் தொடமாட்டான். அதைக் கவிழ்க்கும் உரிமை வசூல்காரிக்கு மட்டும் உண்டு, வசூல்காரி நான். வெள்ளிக்கிழமை மேலே இருக்கும் அரிசியை மட்டும் அளந்து எடுத்துக்கொள்வேன். இதைவிடப் பத்திரமான பெட்டி பஜாரில் எந்தச் சேட்டிடமும் இல்லை. வசூல்காரிக்கே காய்ச்சல் வரும் என்று நான் யோசிக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. காலையிலேயே கப்மாவி கஞ்சியோடு வந்தாள். தயவு என்கிற கனி அவளிடம் அப்போது நன்றாகப் பழுத்திருந்தது.

"நீ படு. இந்த வாரம் வசூல் நான் போறேன்" என்று சாக்கையும் நோட்டையும் எடுத்தாள். "உன் வீட்லருந்தே ஆரம்பிக்கிறேன். டப்பா எங்க?"

"எங்க வீட்டுது இருக்கட்டும். மத்த வீட்டுக்குப் போயிட்டு வா."

"கர்த்தரோட டப்பாவ விட்டுட்டுப் போறதா? காய்ச்சல்ல உளறாத."

நான் எழுந்து உட்காருவதற்குள் டப்பாவை அப்படியே சாக்கில் கவிழ்த்துவிட்டாள். அரிசி விழும் சத்தத்தோடு தொப்பென்று இன்னொரு சத்தம் கேட்டது. குனிந்து கையை விட்டாள். ரப்பர் வளையம் போட்ட கட்டு. மேலே இருந்த உறையை வெளிச்சத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதிர்ச்சி பலன் தருகிறது என்றுதான் நான் அந்தக் கொஞ்ச நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது என் புள்ள எழுத்து" என்றாள். "சாய்ச்சு சாய்ச்சுத்தான் எழுதுவான். இது என் புள்ள எழுத்துடி."

"கப்மாவி, முதல்ல மூச்ச நல்லா இழுத்து விடு."

"எத்தனை வருஷமாடி இத வச்சிருக்க?"

"பதட்டப்படாம கேளு, சொல்றேன்."

"சனிக்கிழமை சனிக்கிழமை உன் வாசல்ல வந்து நாய் மாதிரி நின்னேனே. உள்ள வச்சுக்கிட்டா ஜெபம் பண்ணச் சொன்ன? அடிப்பாவி!"

"எல்லாம் உன் வளர்ச்சிக்குத்தான்."

"வளர்ச்சியா? நான் என்ன பூசணிக்காயாடி, நீ பந்தல் போட்டு வளக்கிறதுக்கு?"

அதற்குப்பின் அவள் சொன்னதைச் செயலர் எழுத வேண்டாம், இது சபையின் பதிவேடு. என் அப்பாவிலிருந்து தொடங்கி என் கடையில் வெளுத்த போர்வைவரை வந்தாள். ஒரு படி அரிசி என் தலைமேல் விழுந்தது. படியும் விழுந்தது. அவள் குரல் மூன்று சரிவுக்குக் கேட்டதாம். கறிக்கடைப் பழைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர், "கப்மாவி பொழச்சுக்கிட்டா" என்று கைதட்டியதாகக் கேள்விப்பட்டேன். நாலு வருஷ வேலை, ஒரு நிமிஷத்தில் சாயம் மொத்தமும் தண்ணீரில் போய்விட்டது. தலையிலிருந்து அரிசியைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். அது கர்த்தருடையது.

இப்போதும் கேளுங்கள்.

"மூப்பரே! அவள வெளிய அனுப்புங்க! அஞ்சு நிமிஷம் என்கிட்ட விடுங்க, என் புள்ள எங்க இருக்கான்னு நான் கேட்டு வாங்குறேன்!"

இதைத்தான் சொல்கிறேன். கேட்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. அவள் இந்த அறைக்குள் வந்து, குரலை உயர்த்தாமல், 'தயவுசெய்து' என்று கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன்.

என்ன செயலர், நாற்காலியை இப்படி இழுக்கிறீர்கள். ஆமாம். இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்: இன்னொரு கடிதம் இருக்கிறது. டப்பாவில் அதை வைக்கவில்லை. இங்கே, என் இடுப்பு மடிப்பில் இருக்கிறது. ஆறாவதில் விடுதியை விட்டுப் போகிறேன், புது விலாசம் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தான் இல்லையா. சொன்னபடி எழுதினான். பின்பக்கம் விலாசம் தெளிவாக இருக்கிறது. சாலை போடும் ஒரு கம்பெனியின் கூடாரம். விலாசத்துக்குக் கீழே எழுதியிருக்கிறான், இந்த மாதக் கடைசியில் கூடாரத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றுகிறார்களாம், அதற்குப்பின் அவனுக்கே விலாசம் தெரியாதாம். இன்றைக்குத் தேதி இருபத்தாறு. எனக்கும் நாள்காட்டி தெரியும், மூப்பர் அவர்களே.

ஆனால் அது வேறு மாதிரியான கடிதம். மற்றவற்றோடு சேர்க்கக்கூடியது இல்லை. நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

'ரெம்தாங்கி அத்தை, அம்மா சொல்லச் சொல்ல நீங்க எழுதறீங்கன்னு நாலு வருஷம் நம்பினேன். இப்ப நம்பல. எங்க அம்மா சொல்லியிருந்தா மொத வரியே வசவாத்தான் இருக்கும். ரெண்டாவது வரி, சோறு தின்னியாடான்னு இருக்கும். உங்க கடிதமெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேன். ஒண்ணுலயும் நான் சாப்பிட்டேனான்னு கேக்கல. அம்மா உயிரோட இருக்காங்களா? அத மட்டும் எழுதுங்க. செத்துட்டாங்கன்னாலும் எழுதுங்க.'

அவ்வளவுதான். கீழே கையெழுத்து. 'அன்புடன்' கூட இல்லை.

இரண்டு மாதமாக இதை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுதவில்லை. கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு உடனே பதில் எழுதக்கூடாது என்பது நான் அவனுக்கே கற்றுக்கொடுத்தது. நாலு வருஷம் ஒரு ஆத்துமாவை நிதானமாகச் செதுக்கிக் கொண்டுவந்தால், கடைசியில் சோற்றைப் பற்றிக் கேட்கிறான். இன்னும் முதிரவில்லை. தாயும் முதிரவில்லை, வாசலில் நின்று அவள் போடும் சத்தமே சாட்சி. இந்த நிலைமையில் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் அறைவாள், அவன் அழுவான், இரண்டு பேரும் உட்கார்ந்து பன்றிக்கறி சாப்பிடுவார்கள். அதில் வளர்ச்சி எங்கே இருக்கிறது.

என்னைச் சபையிலிருந்து விலக்கி வைப்பீர்கள். வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து என் பெயரைப் படிப்பீர்கள், நான் தலைகுனிந்து கேட்பேன், அது எனக்கும் நல்லது. ஆனால் மடியில் கைவைக்க உங்களில் யாருக்கும் துணிவு வராது, மூப்பர் என்னைப்போல் ஒரு விதவையின் மேல் கைவைத்ததாகப் பெயர் வாங்கமாட்டீர்கள். அதனால் பதிவேட்டில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக்கூடாது. அவனிடமிருந்து வந்தவை மொத்தம் ஏழு. ஆறு தாய்க்கு வந்தவை, அவை மேசைமேல் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாவதன் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. அவன் என் பெயர் சொல்லி எழுதியது அது ஒன்றுதான், அது எனக்கு வந்தது, என்னிடமே இருக்கும். ஆறும் ஒன்றும் ஏழு. கப்மாவிக்கு நான் தர வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.